‘மகன் புலம்பல்’ என்று போடமாட்டேன்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. நீ பிறக்க எத்தனையோ காலம் கிடக்கிறது, பிறக்காமலே விடவும் கூடும். ஆனாலும் உன்னோடு எனக்கு இப்போதே கோபம். நீ மகன் என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை. பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவதென்றால் பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது எழுதுவார்கள். அன்பாக எழுதுவார்கள். அதுவரை பொறுத்திருந்தால் எனக்கும் கோபம் ஆறிவிடும், நானும் அன்பாக எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். நீ வளர்ந்து வீட்டை விட்டுப் போகிற நாளில் இதை உன் கையில் தருவேன். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டு தந்தாலும் நம்பாதே. எழுதினபோது நான் சிரிக்கவில்லை.

நான் இருப்பது ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில், பெரியப்பா வீட்டுப் பேஸ்மென்றில். பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அவருடைய படுக்கையறை எங்கள் கூரைக்கு மேலே இருக்கிறது. அவர் தண்ணீர் குடிக்க எழும்பினாலும் எனக்குத் தெரியும், கட்டிலில் புரண்டாலும் தெரியும். விளக்கைப் போட்டால் படிக்கட்டுக் கதவின் கீழால் வெளிச்சம் மேலே போகும் என்பதால் போர்வைக்குள் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் இப்போது இரண்டு ஃபைல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று இந்தக் கடிதம். மற்றது உன் தாத்தாவின், அதாவது என் அப்பாவின், கல்வெட்டு. அவர் செத்து முப்பத்தோராம் நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அச்சகம் காலையில் திறக்கும்போது ஃபைல் அவர்களிடம் இருக்கவேண்டும். அதில் ஒரு கவிதை இருக்கிறது. அதை எழுதியது நான். அதற்கு மேலே ‘மகன் புலம்பல்’ என்று தலைப்பிட்டு, கீழே அண்ணாவின் பெயரைப் போடும்படி பெரியப்பா சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் தமிழில் ரைப் பண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் அண்ணாவின் பெயரை நானே என் கையால் அடிக்கவேண்டும். இன்னும் அடிக்கவில்லை.

கல்வெட்டு என்றால் உனக்கு விளங்காமல் போகலாம். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு வந்தவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் செத்தவர் கோட் போட்டுக்கொண்டு நிற்கிற படம் இருக்கும். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாகக் கவிதைகள் வரும். புலம்புகிறவர்கள் ஒருவரும் அதை எழுதுவதில்லை. ஸ்காபரோவில் புலவர் அங்கிள் என்று ஒருவர் இருக்கிறார், அவர்தான் எல்லா வீட்டுக்கும் அழுது கொடுக்கிறவர். பேப்பரில் எழுதி, போனில் படமெடுத்து அனுப்புவார். நல்ல மனிதர், அவரில் எனக்குக் கோபமில்லை. அப்பா செத்த கிழமை எனக்குப் போன் எடுத்து, “பிள்ளை, அப்பாவுக்குச் சங்கீதமோ, விளையாட்டோ, கோயிலோ எது பிடிக்கும்? ஏதும் ஒண்டு சொல்லு, எனக்கு எதுகைக்கு வேணும்” என்று கேட்டார். நான் “பாண்” என்றேன். அவர், “அதுக்கு ‘மாண்பு’ எண்டு போடலாம், ஆனா வேண்டாம்” என்றார்.

அப்பா பாண் வான் ஓட்டினார். பாண் என்றால் உனக்குப் பிரெட். முன்பு ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தவர், அது மூடின பிறகுதான் நாங்கள் பெரியப்பா வீட்டுக்குக் கீழே வந்தோம். விடியமுன்னமே பேக்கரியில் ஏற்றி, கடை கடையாக இறக்கிக்கொண்டு வர, நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற நேரம் ஆகிவிடும். என்னையும் ஏற்றிக்கொள்வார். பின்னால் வெறும் தட்டுகள் கடகடவென்று ஆடும். கல்வெட்டின் வாழ்க்கை வரலாற்றில் அவர் ‘உணவு விநியோகத் துறை முகாமையாளர்’ என்று இருக்கிறது. பெரியப்பா சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அடித்துவிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தேன், அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

ஒருநாள் நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் இருந்து அப்பா எனக்கு ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்து தந்தார். அவுஸ்திரேலியாவில் ஆரம்பகாலத்தில் கவிதையும் கதையும் எழுதியவர்களின் வாழ்க்கைக் கதைகள், ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம். ஏன் அவுஸ்திரேலியா என்று கேட்டேன். “இருந்ததுக்குள்ள மொத்தமானது உதுதான். கனக்க நாளைக்குக் காணும் எண்டு எடுத்தனான்” என்றார். பிறகு தன் பகிடியைத் தானே ரசித்துக்கொண்டு, “அவங்களும் பூமிப்பந்தில கீழ, நாங்களும் வீட்டுக்குக் கீழ. சொந்தக்காரர்தான்” என்றார். நான் இரவில் ஒருவரைப் படித்துவிட்டுக் காலையில் வானில் அவருக்குச் சொல்லுவேன். எல்லாருடைய கதையும் சாவில்தான் முடியும். அதனால் நான் ஏறிக் கதவைச் சாத்தினதும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“இண்டைக்கு ஆர் செத்தது?”

“ஒரு கள்ளன் அப்பா. இங்கிலாந்தில என்னவோ சின்னச் சாமான் களவெடுத்தவராம். கப்பலில ஏத்தி அங்க கொண்டுபோய் விட்டிட்டாங்கள்.”

“கள்ளனோ கவிஞனோ?”

“ரெண்டும்.”

“அப்ப ரெண்டு வேலை. எங்கட ஆக்கள் மாதிரி.”

அந்தக் கைதிக்கு எழுதப் பேப்பர் கொடுக்கவில்லை. கல்லுடைக்கிற இடத்தில் காவல்காரரை நக்கலடித்துப் பாட்டுக் கட்டினார், பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் பாடமாக்கினார்கள். முதுகில் அடி விழுந்தது, பாட்டு நிற்கவில்லை. அப்பாவுக்கு அவரை நல்லாகப் பிடித்தது. இன்னொருவர் ஊரெல்லாம் தன் பாட்டுப் பாடப்பட்ட காலத்தில் தெருவில் நின்று தெரிந்தவர்களிடம் குடிக்கக் கேட்டவர். செத்த பிறகு குதிரை வண்டிகள் வரிசையாகப் போனதாம். “செத்தாப் பிறகு மண்டபம் நிரம்பும் பிள்ளை, எங்கயும் உதுதான்” என்றார் அப்பா. அந்தக் குடிகாரருடைய கிறுக்கலையெல்லாம் நல்ல எழுத்தில் படியெடுத்து அச்சுக்கு அனுப்பிய மனைவிக்குப் புத்தகத்தில் அரை வரிதான் இருந்தது. அந்த அரை வரியை அப்பாவுக்கு நான் இரண்டு முறை வாசித்தேன். அவர் வானுக்குள் சூட்டைக் கூட்டிவிட்டார்.

இப்போது நான் சொல்லப்போகிறவளைக் கவனமாகக் கேள், மகனே. அவள் ஆட்டுப் பண்ணை ஒன்றில் இருந்தவள். கடலில் வரும்போது கப்பலில் அவளுடைய தம்பி செத்துப்போனான். பண்ணையில் எல்லாரும் படுத்த பிறகு குசினியில் இருந்து கவிதை எழுதினாள். பொம்பிளை எழுதினால் பத்திரிகை போடாது என்று செத்த தம்பியின் பெயரில் பட்டணத்துக்கு அனுப்பினாள். அங்கே அச்சாயின. ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். அவள் தன் வாசலில் நின்ற யூக்கலிப்ரஸ் மரத்தைப் பற்றி எழுதினால், ஆசிரியர் அதைத் தறித்துவிட்டு இங்கிலாந்து ஓக் மரத்தை நடுவார். அவள் காலையில் கேட்ட பறவையைத் துரத்திவிட்டு, அந்த நாட்டிலேயே இல்லாத நைற்றிங்கேலைக் கொண்டுவந்து இருத்துவார். கடைசியில் புத்தகமாக வந்தபோதும் தம்பியின் பெயரில்தான் வந்தது. இன்றைக்கும் அவன் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் அவள் இருக்கிறாள்.

அப்பா வானைச் சிவப்பு விளக்கில் நிற்பாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “பிராக்கெற்றுக்குள்ள ஏன் போட்டு வைச்சிருக்கிறாங்கள்? ஓடிப்போயிடுவா எண்டோ?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பச்சை விழுந்து பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அண்ணாவை அண்ணாவாக்கினதில் எனக்கும் பங்குண்டு. ஒருமுறை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டி வந்தது. அண்ணாவுக்குத் தமிழ் எழுத்தே பிடிபடவில்லை. நான் பேச்சை எழுதி, இங்கிலீஸ் எழுத்தில் மாற்றி, எங்கே குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்றெல்லாம் குறித்துக் கொடுத்தேன். முதலிடம் கிடைத்தது. கிண்ணம் இப்போதும் ரீவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் அன்றைக்குப் பெருமைப்பட்டேன், அதுதான் என் மடத்தனம். அடுத்த நாள் வானில் அப்பா, “கிண்ணத்தில ஒரு பேர்தான் வெட்டியிருக்கிறாங்கள். மற்றப் பேருக்கு இடம் காணாதோ?” என்று கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இன்னொருத்தி இருந்தாள். வெள்ளைக்காரருக்கு முதலே அந்த மண்ணில் இருந்த சனத்தில் ஒருத்தி. பிள்ளையைப் படுக்கவைக்க அவள் பாடியதைக் கேட்ட ஒரு துரை அதை எழுதி எடுத்து, தன் பெயரைப் போட்டு அச்சிட்டார். துரைக்கு அதில் மூன்று பக்கமும் ஒரு படமும். அவளுக்கு ‘ஒரு கறுப்புப் பெண்’ என்று மூன்று சொல். பள்ளிக்கூட வாசலில் நான் இறங்கும்போது அப்பா, “முழுப் புத்தகத்திலயும் உவதான் முதல் ஆள். உவவுக்குத்தான் பேர் இல்லை” என்றார். அது நாங்கள் வானில் கதைத்த கடைசிக் கதை என்று சொன்னால் வடிவாக இருக்கும். அது உண்மையில்லை. அதற்குப் பிறகும் வேறு கதைகள் கதைத்தோம். கடைசி நாள் நான் நித்திரைக் கலக்கத்தில் ஒன்றும் சொல்லாமலே இறங்கிப்போய்விட்டேன்.

அதற்கடுத்த நாள் விடியமுன்னம் அப்பா மாரடைப்பில் போனார். வானை ஓரத்துக்கு எடுத்து, நிற்பாட்டி, ஆபத்து விளக்கையும் போட்டுவிட்டுத்தான் போனார். யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காத மனிதர். அடுத்த கடைக்கு இறக்கவேண்டிய பாண் பின்னால் இருந்தது. தகனசாலையில் கொள்ளி என்பது ஒரு பச்சைப் பொத்தான். ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் அண்ணா போய் அதை அமத்தவேண்டும். அவனுடைய கை நடுங்கியது. நான் அவன் முழங்கையைப் பிடிக்கப் போனேன். “பொம்பிளைப்பிள்ளை தள்ளி நில்லம்மா” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நான் தள்ளி நின்றேன். சொன்னவர் யாரென்று பார்க்கக்கூட இல்லை. மகனே, ஒரு பொத்தான் அது. லிஃப்டில் இருப்பதைப் போல ஒரு பொத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கவிதையை எழுதினேன். நீளமில்லை.

அப்பா, உங்கள் சேர்ட்டில் பாண் மணந்தது.
குளிருக்குள்ளால் வந்து என் தலையைத் தடவினால்
பள்ளிக்கூடம் முழுக்க என் தலைமயிர் பாண் மணந்தது.
வெட்கப்பட்டுத் தொப்பி போட்டேன்.
இப்போது அந்தத் தொப்பியை முகர்ந்துகொண்டு படுக்கிறேன்.
இண்டைக்கு ஆர் செத்தது என்று கேட்பீர்கள்.
சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது,
கேட்க நீங்கள் இல்லை.

நேற்றுப் பின்னேரம் மேலே சாப்பாட்டு மேசையில் கல்வெட்டை முழுதாகப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். மக்கள் புலம்பல் என்ற இடத்தில் புலவர் அங்கிளின் கவிதையை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டிருந்தேன். பெரியப்பா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய தம்பிதானே, அழுதார். அழுதது பொய்யில்லை.

“ஆர் எழுதினது?”

“நான் பெரியப்பா.”

“புலவர் தலைகீழா நிண்டாலும் இப்பிடி எழுதமாட்டார்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகியது. அப்பா செத்த பிறகு முதல்தரம் சந்தோசப்பட்டேன். மூக்கைத் துடைத்துவிட்டு அவர் சொன்னார், “உதை மகன் புலம்பல் எண்டு தனியாப் போடு. கொள்ளி வைச்சவன் அவன். அவன்ர பேரில வந்தாத்தான் அழகு. மண்டபத்தில அவனே எழும்பி வாசிக்கட்டும்.”

“அது நான் எழுதினது பெரியப்பா.”

“ஆர் இல்லை எண்டது? வீட்டுக்குள்ள எல்லாருக்கும் தெரியுந்தானே.”

“அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”

“இங்கிலீஸ் எழுத்தில எழுதிக் குடு. முந்தியும் குடுத்தனிதானே.” குசினிக்குள்ளிருந்து பெரியம்மா, “கவிதை எழுதுற பெட்டை எண்டு பேர் எடுக்காதையணை, பிறகு கலியாணம் பேசேக்க கரைச்சல்” என்றார். பெரியப்பா அதைக் காதில் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் கவிதையைப் பார்த்தார். “மற்றது, உந்தப் பாண் மணம் சரிவராது. வாறதெல்லாம் டொக்டரும் எஞ்சினியரும். சந்தன மணம் எண்டு மாத்து.”

“அப்பா சந்தனம் பூசி நான் காணேல்லை.”

“கோயில் திருவிழாவுக்குப் பூசினவன்தானே? பிறகென்ன.”

ஓக் மரம் நின்றதை நான் கண்டேன், மகனே. அந்த மேசைக்கு நடுவில் கிளையெல்லாம் விரித்துக்கொண்டு நின்றது, அதில் நைற்றிங்கேல் ஒன்று இருந்து பாடியது. அதைத் தறிக்க என்னிடம் ஒரு கோடரியும் இருக்கவில்லை. “ஓம் பெரியப்பா” என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே தலைப்பையும் சந்தனத்தையும் மாற்றினேன், பெயரைப் பிறகு போடுகிறேன் என்றேன். ஏன் ஓமென்றேன் என்று கேட்பாய். நாங்கள் அவருடைய வீட்டுக்குக் கீழே இருக்கிறோம். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்குப் போக வேறு இடமில்லை. அவர் கோபித்தால் என்னைப் பேசமாட்டார், அம்மாவைத்தான் பேசுவார். “வளர்ப்பு” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவும் தேவையில்லை.

கீழே வந்து அண்ணாவிடம் கேட்டேன். அவனுக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சோபாவில் காதில் ஹெட்போனோடு கிடந்தான்.

“நீ வேண்டாம் எண்டு சொல்லு அண்ணா. நீ சொன்னாப் பெரியப்பா கேப்பார்.”

“நானோ? நோ சான்ஸ்.”

“அது என்ர.”

“ஐ நோ. எல்லாருக்கும் தெரியும்தானே. இட்ஸ் நொட் தற் டீப்.”

எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா சொன்ன அதே வசனம். ஒருவர் தமிழிலும் ஒருவர் பாதி இங்கிலீசிலும் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு அண்ணா ஒரு பக்கக் காதைத் திறந்து, “‘முகர்ந்து’ எண்டால் என்ன?” என்று கேட்டான். மணந்து பார்க்கிறது என்றேன். “ஓ. ஆனா நான் தொப்பி போடுறேல்லையே. சனம் கேட்டா?”

“சனம் கேளாது” என்றேன். கத்தவேண்டும்போல் இருந்தது. கூரைக்கு மேலே பெரியப்பா நடந்துகொண்டிருந்தார். கத்தவில்லை. அவன் அந்த மண்டபத்தில் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பான். என் தலைமயிரில் இருந்த மணத்தை மைக்கில் சொல்லுவான். அம்மாக்கள் அழுவார்கள். “மகன் எண்டால் உப்பிடி இருக்கவேணும்” என்று யாராவது சொல்லுவார்கள். நான் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துக்கொண்டு நிற்பேன். அண்ணா கெட்டவனில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் பறித்து எடுப்பான், நானும் இழுத்துப் பறிக்கலாம். இவன் கையை நீட்டக்கூட இல்லை. கொண்டுவந்து வைப்பார்கள், இருந்த இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளுவான்.

உன் மேல் எனக்கு வருகிற கோபமும் இதுதான். நீயும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாய். பறிக்கமாட்டாய். ஆனால் உனக்கும் கொண்டுவந்து வைப்பார்கள், சிலவேளை நானே கொண்டுவந்து வைப்பேன். எனக்கு வயது போய், பயம் கூடி, நாலு சனத்துக்கு நல்லவளாக இருக்கவேண்டும் என்ற நினைப்பில், உன் தங்கச்சியின் பேச்சை உன் கையில் தந்து “நீ வாசி ராசா” என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்தில் எறி. எனக்குப் பதிலாகக் கோபப்படு. உன் மனைவி உன் கட்டுரையைத் திருத்தித் தந்தால், மேடையில் அவள் பெயரைச் சொல்லு. ‘வீட்டாரின் ஒத்துழைப்பு’ என்று சொல்லாதே. நான் செத்தால் பொத்தானை அமத்தும்போது உன் சகோதரியையும் பக்கத்தில் கூப்பிடு, பின்னாலிருந்து யார் என்ன சொன்னாலும். என் கல்வெட்டில் புலம்பவேண்டுமென்றால் நீயே எழுது. எழுத வராவிட்டால் பக்கத்தை வெள்ளையாக விடு. வெள்ளைப் பக்கத்தை நான் மதிப்பேன்.

இதுவரை எழுதினபோது படிக்கட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. மேலிருந்து வரவில்லை, பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்தா. போர்வையை விலக்கிக் கடிதத்தை மறைக்கத்தான் நேரமிருந்தது. அம்மா தண்ணீர் எடுக்கிறமாதிரி நின்றுவிட்டு என் பின்னால் வந்து நின்றா. திரையில் கல்வெட்டு இருந்தது. என் கவிதைக்குக் கீழே பெயர் போடுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

“இன்னும் போடேல்லையோ?”

“இல்லை.”

“பெரியப்பா சொன்னதைப் போட்டிட்டுப் படு பிள்ளை. உவையின்ர வீட்டில இருக்கிறம்.”

“அப்பாவாய் இருந்தா என்ன சொல்லுவார் அம்மா?”

அம்மா என் தோளுக்கு மேலால் குனிந்து, தன் விரலால் திரையை மேலே தள்ளினா. போனில் தள்ளுகிறமாதிரி. அது நகரவில்லை, நான் நகர்த்திக் கொடுத்தேன். மனைவி புலம்பல் என்ற பக்கத்தில் நிற்பாட்டச் சொன்னா. புலவர் அங்கிள் அம்மாவுக்காக எழுதியது. அம்மா அதை வாயசைத்து வாசித்தா. கீழே பெயர் என்ற இடத்தில் ‘அன்பு மனைவி’ என்று மட்டும் இருந்தது.

“உதில ‘நாளும் நீ சூட்டிய பூவிழந்தேன்’ எண்டு கிடக்கு” என்றா.

“ஓம்.”

“அதை எடுத்துவிடு. கொப்பர் எனக்கு ஒருநாளும் பூ வாங்கித் தரேல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. வரவர அவவுக்கும் கோபம் வருகிறதுபோல இருந்தது. “பேக்கரியில மிஞ்சின பணிஸ் கொண்டுவந்து தருவார். சூடாறாமல் ஜக்கெற்றுக்குள்ள வைச்சுக் கொண்டுவருவார். அதைப் போடு.”

“எதுகை வராது அம்மா.”

“வராட்டி விடு. பொய் வரக்கூடாது.”

போட்டேன். அவ சொன்னபடியே, சொன்ன சொல்லிலேயே போட்டேன். ‘அன்பு மனைவி’ என்பதை அழித்துவிட்டு அம்மாவின் பெயரை அடித்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றா. மேலே கட்டில் கிறீச்சிட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கூரையைப் பார்த்தோம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“மற்றப் பக்கத்தில நீ என்ன செய்யிறாய் எண்டு எனக்குச் சொல்லாதை” என்றா அம்மா. “நான் நித்திரை. விளங்குதோ? நான் எழும்பவே இல்லை.” தண்ணீர் எடுக்காமலே போய்ப் படுத்துவிட்டா.

இப்போது சந்தனத்தை எடுத்துவிட்டேன். பாண் திரும்பி வந்துவிட்டது. ‘மகன் புலம்பல்’ என்ற தலைப்பை அழித்தேன், அந்த இடத்தில் ‘மகள்’ என்று போட்டேன். புலம்பல் என்று போடவில்லை, இது புலம்பலில்லை. வாழ்க்கை வரலாற்றுக்குப் போய் முகாமையாளரையும் அழித்துவிட்டு ‘பாண் வான் ஓட்டினார்’ என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெரியப்பா அந்தப் பக்கத்தை விரிக்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சனத்துக்கு முன்னால் கத்துவாரோ, வீட்டுக்கு வந்து ‘வளர்ப்பு’ என்று தொடங்குவாரோ, வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லுவாரோ தெரியாது. எனக்குப் பயம். துணிச்சல்காரி உன்னைப் பெற்றாள் என்று நினைக்காதே. பயந்தாங்கொள்ளி ஒருத்தி, பயந்துகொண்டே செய்தாள் என்று நினை.

ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். போய்விட்டது. இனி என்னால் அதைத் திருப்பி எடுக்க முடியாது, பெரியப்பாவாலும் முடியாது, அவர் எழும்பமுன்னமே அவர்கள் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடிதம் என்றால் கடைசியில் பெயர் எழுதவேண்டும். இதில் நான் எழுதவில்லை. என் பெயர் என்ன என்று பார்க்கவேண்டுமென்றால் உன் தாத்தாவின் கல்வெட்டை எடுத்துப் பார். பாண் மணக்கிற கவிதைக்குக் கீழே இருக்கிறது, அடைப்புக்குறி இல்லாமல்.